அம்மப்பா இருந்த போர்முனைக்குப் போவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஓகஸ்ட் விடுமுறைக்கு இலண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர், "அம்மப்பா உலகப் போரில இருந்தவராமே, எங்க இருந்தவர்?" என்று கேட்பதும், வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு ஊர் சொல்வதும், ஒருவர் பர்மா என்றால் இன்னொருவர் எகிப்து என்பதும், கடைசியில் யாரோ வானைப் பிடித்து எல்லாரையும் திருகோணமலைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் மான்களோடு படம் எடுத்துவிட்டுத் திரும்புவதும் எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டது. கோட்டையைப் பார்ப்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த மனிதர் அங்கே ஒரு நாள்கூட இருக்கவில்லை என்றால் அது சுற்றுலா, அவ்வளவுதான்.

பெயர்பெற்ற இடத்துக்குப் போகாதீர்கள், அவர் நின்ற இடத்துக்குப் போங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் செய்வது எப்படி என்பதைப் பற்றித்தான். பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரைப் பற்றியது, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. நம் காலத்துப் போரைப் பற்றி ஒரு பகுதி பின்னால் வரும். அதற்கு விதிகளே வேறு.

முதல் படி: வீட்டுப் பெட்டி

பயணச்சீட்டைப் பற்றி யோசிக்கும் முன் பெட்டியைத் திறவுங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று விபரம்: படைப்பிரிவின் பெயர், சேவை இலக்கம், ஏதாவது ஒரு திகதி. இந்த மூன்றில் இரண்டு கிடைத்தால் மிச்சத்தைத் தேடிப் பிடிக்கலாம்.

பழைய படம் இருந்தால் முகத்தை விட்டுவிட்டுத் தொப்பியைப் பாருங்கள். தொப்பியில் இருக்கும் சின்னமும் தோள்பட்டையில் இருக்கும் எழுத்தும் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடும். இலங்கைக் காலாட்படையா, இலங்கைக் காவல் பீரங்கிப் படையா, பொறியியலாளர் பிரிவா, கடற்படைத் தொண்டர் சேவையா என்பது அதில்தான் இருக்கிறது. படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் ஊர் கிடைத்துவிட்டது. கெய்ரோவில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வருடமாகப் பர்மா என்று சொல்லிக்கொண்டிருந்த வீடுகளும் உண்டு.

பதக்கங்களைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. பிரித்தானியா வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்பட்டிருக்காது. அதனால் பதக்கம் அவருடையதுதானா என்று பதக்கத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பதக்கம் என்பது எந்தத் திசை என்று காட்டும்: ஆபிரிக்க நட்சத்திரம் இருந்தால் வட ஆபிரிக்கா, பர்மா நட்சத்திரம் இருந்தால் பர்மாவோ அதைச் சுற்றிய கடலோ, பாதுகாப்புப் பதக்கமும் போர்ப் பதக்கமும் மட்டும் இருந்தால் அவர் இலங்கையை விட்டு வெளியே போகாமலே சேவை முடித்திருக்கக் கூடும். துணிப்பட்டி கிழிந்து நிறம் மங்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அந்த வரிகளின் நிறங்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

எங்கள் ஊரில் பெரிய சிக்கல், பெட்டியே இல்லை என்பதுதான். 1978 நவம்பர் சூறாவளி கூரையோடு கொண்டுபோனது, 90இல் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்தது, 2004 சுனாமி மிச்சத்தை முடித்தது. கரையோரத்தில் இருந்த குடும்பங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருப்பது சாதாரணம். அப்படியானால் வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இருக்கும் சொந்தங்களின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கடல் ஏறாத ஊரில் ஒரு கலியாணப் படத்தின் பின்வரிசையில் சீருடையோடு அவர் நிற்கலாம். படித்த பள்ளிக்கூடத்தையும் விடாதீர்கள். மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி போன்ற பழைய பள்ளிகளின் மலர்களில், போருக்குப் போன பழைய மாணவர்களின் பெயர்கள் அகப்படலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயில் பதிவேட்டில் திருமணப் பதிவின்போது எழுதிய தொழிலைப் பாருங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் முறையும் முக்கியம். "எங்க சண்டை பிடிச்சவர்?" என்று கேட்டால் கதைதான் வரும். "காசு எப்படி வந்தது, மணியோடரா? எந்த மாதம் வந்தது? கூடப் போனவர் யார், எந்த ஊர்? திரும்பி வந்தபோது கப்பலில் வந்தாரா, ரயிலிலா? என்ன கொண்டு வந்தார்?" என்று கேளுங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கும் பெத்தாவுக்குப் படைப்பிரிவின் பெயர் தெரியாது, ஆனால் தகப்பன் கொண்டு வந்த பேரீச்சம்பழப் பெட்டி மறக்காது. பேரீச்சம்பழம் என்றால் பர்மாவை நீங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

இரண்டாம் படி: பதிவுகள்

போரில் இறந்தவர் என்றால் வேலை சுலபம். பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம், கட்டணம் இல்லை. கல்லறை எண், வரிசை, அல்லது எந்த நினைவுச் சுவரில் எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது என்பதுவரை வரும். உயிரோடு திரும்பியவர் என்றால் அங்கே இருக்க மாட்டார், சேவைக் கோப்பைத்தான் தேட வேண்டும். பிரித்தானியப் படைகளின் பழைய சேவைக் கோப்புகள் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சிடமிருந்து இலண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு 2022 முதல் படிப்படியாக மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பிக்கும்போது இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே பிரதேச செயலகத்தில் அதன் பிரதியையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பதில் வர மாதக் கணக்காகும். வருகிற ஓகஸ்டில் போவதென்றால் இந்தத் தைப்பொங்கலுக்கே தொடங்குங்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் சோர்ந்துபோகிற இடம்: பெயர். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். வெள்ளைக்கார எழுதுவினைஞருக்குக் கடைசியில் இருப்பது குடும்பப் பெயர். அதோடு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்காள் மாறும். தம்பிப்பிள்ளை, பூபாலபிள்ளை, கந்தையா போன்ற பெயர்களை எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எட்டுப் பத்து வரும். 'பிள்ளை' தனியாகப் பிரிந்தும் இருக்கும், ஒட்டியும் இருக்கும், விடுபட்டும் இருக்கும். தகப்பன் பெயரின் கீழும் தேடுங்கள். தமிழ் முஸ்லிம் இரு தரப்புக்கும் இதே கதைதான். காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கத்துப் பெயர்களில் முதல் எழுத்துகள் மட்டும் பதிவாகி மிச்சம் காணாமல் போயிருக்கும். சேவை இலக்கம் இருந்தால் இந்தத் தலையிடி பாதியாகக் குறையும். அதனால்தான் முதல் படியில் அதற்கு அவ்வளவு அழுத்தம் கொடுத்தேன்.

தனி மனிதரின் கோப்பு கிடைக்காவிட்டால் பிரிவின் நாட்குறிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவும் போர்க்காலத்தில் அன்றாடம் எங்கே இருந்தது, என்ன செய்தது என்று எழுதி வைத்தது. கியூவில் தென்கிழக்காசியக் கட்டளைக்கு ஒரு தொடர், மத்திய கிழக்குக்கு வேறொரு தொடர் என்று அவை பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொழும்பு பிலிப் குணவர்தன மாவத்தையில் (முந்தைய ரீட் அவனியூ) உள்ள நம் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அந்தக் காலத்து வீரகேசரி, தினகரன் இதழ்களைப் புரட்டலாம். தணிக்கை இருந்ததால் படை நகர்வுகள் வராது. ஆனால் வழியனுப்பு விழா, பதவி உயர்வு, மரண அறிவித்தல் எல்லாம் வரும்.

இடையில் ஒரு பேச்சு

கோப்பு வந்ததும் சில வீடுகளில் முகம் வாடிவிடுகிறது. அம்மப்பா துப்பாக்கி தூக்கவில்லை, களஞ்சியத்தில் கணக்கு எழுதினார், லொறி ஓட்டினார், சமைத்தார், துறைமுகத்தில் மூட்டை இறக்கினார் என்று தெரியவரும். அந்தப் போரில் இலங்கையர் பெரும்பாலோர் செய்தது அந்த வேலைகள்தான். எகிப்து, லிபியாப் பக்கம் போனவர்களிலும் பயனியர் எனப்பட்ட உடலுழைப்புப் பிரிவுகளிலும் போக்குவரத்துப் பிரிவுகளிலும் உழைத்தவர்கள் பலர். குண்டு விழும்போது அது லொறிக்காரனா பீரங்கிக்காரனா என்று பார்த்து விழுவதில்லை. அவர் களஞ்சியக்காரர் என்றால் களஞ்சியம் இருந்த இடத்துக்குப் போங்கள். அது இப்போது ஒரு பஸ் டிப்போவாக இருந்தாலும் போங்கள். அதைவிட்டு எகிப்தின் பெயர்பெற்ற போர்க்களமான எல் அலமைனில் போய் நின்று அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் படி: வாசலில் இருக்கும் போர்க்களம்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு போர்க்களம் தேடி வெளியூர் போகிறவர்களில் பலருக்கு, நம் கடலுக்குள்ளேயே ஒன்று கிடப்பது தெரியாது. தெரிந்தவர்களும் அதைச் சுழியோடிகளின் விளையாட்டிடமாக மட்டுமே நினைக்கிறார்கள்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. முந்தின நாள் கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானம் ஒன்று அவர்களின் கப்பல்களைக் கண்டு எச்சரித்திருந்தது. அடுத்தது திருகோணமலை என்று ஊகித்த பிரித்தானியர், 8ஆம் திகதி இரவு துறைமுகத்தைக் காலி செய்தார்கள். ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் அவுஸ்திரேலியாவின் வாம்பயர் என்ற நாசகாரிக் கப்பலும் கரையோரமாகத் தெற்கே ஓடின. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் இந்த ஹெர்மிஸ்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. 9ஆம் திகதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. தாக்குதல் முடிந்ததும் இரண்டு கப்பல்களும் திரும்பி வடக்கே வந்துகொண்டிருந்தபோது ஜப்பானியரின் வேவு விமானத்தின் கண்ணில் பட்டுவிட்டன. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் அனுப்பப்பட்டன. முற்பகல் பத்தரை மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதலில், இருபது நிமிடம் அளவில் ஹெர்மிஸ் நம் கரைக்கு முன்னால் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள், கப்டன் ஒன்ஸ்லோவும் அவர்களில் ஒருவர். வாம்பயரும் போனது. ஹொலிஹொக் என்ற சிறிய போர்க்கப்பலும், அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களும் அதே நாளில் இதே கடலில் மூழ்கின. அருகில் இருந்த வீற்றா என்ற மருத்துவமனைக் கப்பல் தண்ணீரில் தத்தளித்த சுமார் 600 பேரைத் தூக்கிக் காப்பாற்றியது.

சரி, போவது எப்படி? கரையிலிருந்து பார்க்க விரும்பினால் முகத்துவாரம் வெளிச்ச வீட்டுப் பக்கம் போங்கள், 1913இல் கட்டியது, அன்று மேலே நின்றவர் புகையைப் பார்த்திருப்பார். கல்லடிக் கடற்கரையிலும் நிற்கலாம். நடக்க முடியாத பெரியவர்களோடு வருபவர்களுக்கு இது போதும். ஓட்டோ கரைவரை போகும்.

கடலுக்குள் போக விரும்பினால் கப்பல் கிடக்குமிடம் கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவு. கிழக்குக் கடல் சித்திரை முதல் புரட்டாதி வரைதான் அமைதி. வாடை தொடங்கிவிட்டால் நினைக்கவே வேண்டாம். அமைதியான மாதங்களிலும் விடியற்காலையில் புறப்பட்டு முற்பகலுக்குள் திரும்பிவிடுங்கள், பொழுது ஏறினால் காற்றும் ஏறும். மீன்பிடி வள்ளத்தில் ஒளித்து ஏறிப் போகாமல், உல்லாசப் பயணிகளை ஏற்ற அனுமதி உள்ள படகைப் பிடியுங்கள். உயிர்காப்பு அங்கி எல்லாருக்கும் இருக்கிறதா என்று கரையிலேயே எண்ணிப் பாருங்கள், குழந்தைக்குப் பெரியவரின் அங்கி சரிவராது. வீட்டாருக்கு முன்கூட்டியே இன்னொன்றும் சொல்லி வைக்க வேண்டும்: அங்கே போனால் கடல்தான் தெரியும். கொடிக்கம்பமோ கல்வெட்டோ ஒன்றும் மேலே நீட்டிக்கொண்டிருக்காது. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தி "இதுதான் இடம்" என்பார், அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விடயம், தெரியாமல் போகிறவர்கள் காசு வீண் என்று சண்டை பிடிக்கிறார்கள்.

சுழியோட ஆசைப்படுபவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஹெர்மிஸ் ஐம்பது மீட்டருக்கும் மேலான ஆழத்தில், இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான எல்லை நாற்பது மீட்டர். கலப்பு வாயுவில் சுழியோடப் பயின்றவர்களுக்கு மட்டுமே உரிய இடம் அது. "ஒருக்கா தொட்டுப்போட்டு வரலாம்" என்று யாராவது சாதாரணச் சிலிண்டரோடு கூட்டிப்போகத் தயாராக இருந்தால் அந்த ஆளை விட்டு விலகுங்கள். அழுத்த அறை எங்கே இருக்கிறது, அவசரத்தில் அங்கே எப்படிக் கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் வேண்டாம். பயிற்சி குறைந்தவர்களுக்கு வடக்கே கல்குடாப் பக்கம் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆழம் குறைந்தது. எந்தக் கப்பலிலிருந்தும் எதையும் எடுக்காதீர்கள். ஹெர்மிஸில் போனவர்கள் பலருக்கு வேறு கல்லறை கிடையாது, பிளிமத், போர்ட்ஸ்மத், சதாம் கடற்படை நினைவுத் தூண்களில் பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

நான்காம் படி: திருகோணமலை

மட்டக்களப்பிலிருந்து ஏ15 வீதியில், வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியாக 130 கிலோமீட்டர் அளவு. ஒரு காலத்தில் இந்தப் பாதையில் ஓடம் ஓடமாக ஏறி இறங்க வேண்டும், இப்போது எல்லாம் பாலம். விடியக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் கல்லறைக்குப் போய்விடலாம். ஆனால் வானில் பெரியவர்கள் இருந்தால் வாகரையும் வெருகலும் தாண்டும்போது 1942ஐப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு போக முடியாது. பேச விடுங்கள், நேரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்க் கல்லறை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளி வீதியில் இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். இணையத்தில் எடுத்த கல்லறை எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், கைத்தொலைபேசி வெயிலில் தெரியாது. ஒவ்வொரு கல்லிலும் மேலே படைச்சின்னம், நடுவில் பெயரும் திகதியும் வயதும், சிலவற்றில் அடியில் குடும்பத்தார் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வயதுகளை வாசித்துக்கொண்டே நடந்தால், பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு, கூட வந்த பிள்ளைகள் தாமாகவே தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். உங்கள் ஆள் அங்கே இல்லாவிட்டாலும், அவர் திருகோணமலையில் வேலை செய்தவர் என்றால், அவரோடு ஒரே சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் அங்கே இருக்கக்கூடும். திகதியை வைத்துத் தேடிப் பாருங்கள்.

சீனக்குடா விமான தளம் இப்போது விமானப்படையிடம், அதன் பக்கத்து எண்ணெய்த் தாங்கிகளும் பாதுகாக்கப்பட்ட பகுதி. 1942 தாக்குதலில் ஜப்பானிய விமானம் ஒன்று ஒரு தாங்கியின் மேல் விழுந்து எரிந்தது, உருகிச் சுருங்கிய அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வேண்டும், வாசலில் போய் நின்று கெஞ்சுவதில் பயனில்லை. ஒஸ்டன்பேர்க் முனையின் பழைய பீரங்கிகள் கடற்படைத் தளத்துக்குள் இருக்கின்றன. பீரங்கிப் படையில் இருந்தவரின் குடும்பம் என்றால் இதற்கு அனுமதி எடுப்பது பாடுபடத் தகுந்தது. அடையாள அட்டைப் பிரதிகள், வாகன இலக்கம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களின் பெயர்கள், அவரின் சேவை விபரம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் இணைத்து, வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்புங்கள். "எங்கள் தாத்தா இங்கே கடமையாற்றியவர்" என்று படப் பிரதியோடு வரும் கடிதத்துக்கு, சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற கடிதத்தைவிட மரியாதை கிடைக்கும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சகாயிங் என்ற கப்பலும் 1942 தாக்குதலில் துறைமுகத்துக்குள் எரிந்து கிடந்தது. 2018இல் கடற்படை அதை மிதக்க வைத்து வெளியே கொண்டுபோனது.

கண்டி, கொழும்பு

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளையின் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். எழுதுவினைஞர், சாரதி, தொலைபேசி இயக்குநர் என்று வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் அங்கே போகலாம். கண்டிப் போர்க் கல்லறை சிறியது, மிக நன்றாகப் பராமரிக்கிறார்கள். கொழும்பில் லிவராமென்டு மயானம் நமக்கு முக்கியம், இலங்கைப் படையினரை அங்கே நினைவுகூர்கிறார்கள். விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் நினைவுத் தூண் முன்பு காலிமுகத்திடலில் இருந்தது. ஜப்பானியருக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து போர்க்காலத்தில் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள்.

ஐந்தாம் படி: கடல் கடந்தால்

பெயர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தபின்தான் விசா. எகிப்தில் எல் அலமைன், சிங்கப்பூரில் கிராஞ்சி, மியன்மாரில் யங்கோனுக்கு அருகே தவுக்கியான் ஆகியவைதான் நம் ஆட்கள் அதிகம் கேட்பவை. கிராஞ்சி மிகச் சுலபம், பஸ்ஸில் போய்விடலாம். தவுக்கியானுக்கு இப்போதைய நிலையில் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொக்கோஸ் தீவுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இலங்கைக் காவல் பீரங்கிப் படையில் இருந்தவரின் குடும்பம் என்றால் இந்தப் பெயர் எப்படியும் உங்கள் முன் வந்து நிற்கும். 1942 மே 8 இரவு அங்கே ஹோஸ்பேர்க் தீவில் காவலில் இருந்த இலங்கைப் படையினரில் ஒரு பகுதியினர் தம் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள், அது தோற்றது. கிரேஷன் பெர்னாண்டோ, கார்லோ கவுடர், ஜி. பி. டி சில்வா ஆகிய மூவரும் அந்த ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இவர்கள் மட்டுமே. அந்தப் பிரிவில் இருந்த பலர் ஊருக்குத் திரும்பியும் வாய் திறக்காமலே இருந்துவிட்டார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை. வீட்டில் யாராவது "அவர் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார்" என்று சொன்னால், பிரிவின் பெயரைப் பார்த்துவிட்டு மேலே கேளுங்கள், கவனமாகக் கேளுங்கள். தீவுகள் 1955 முதல் அவுஸ்திரேலியாவிடம் இருக்கின்றன. பேர்த்திலிருந்து விமானம் உண்டு. ஆனால் ஹோஸ்பேர்க் தீவில் ஆள் குடியிருப்பு இல்லை, படகில்தான் போக வேண்டும், செலவும் அதிகம்.

மற்றப் போர்

இங்கே யாரிடம் "போர்" என்றாலும் நினைவுக்கு வருவது 1942 இல்லை. இந்த இரண்டு மாவட்டத்திலிருந்தும் போன பிள்ளைகள் வன்னியில், ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை நடந்த ஏ9 வீதியில், ஆனையிறவில், முகமாலையில், முள்ளிவாய்க்காலில் முடிந்துபோனார்கள். வேறு சீருடையில் போனவர்களும் உண்டு. ஊர்காவல் படையில் நின்றவர்களும் உண்டு. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு பக்கமும் இருந்த வீடுகளும் 2004இல் புலிகள் பிளந்து வெருகலில் மோதிய பிறகு இங்கே உண்டு. அந்த இடங்களுக்குப் போக விரும்பும் தாய்மாரையும் சகோதரங்களையும் எனக்குத் தெரியும்.

இதற்கு இணையப் பதிவேடு இல்லை, கூட இருந்தவரின் வாய்தான் பதிவேடு. ஆகவே முதலில் அவரைத் தேடுங்கள், முடிந்தால் அவரையே கூட்டிப்போங்கள், வர மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தார் வீதியையும் மக்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதையையும் விட்டு இறங்க வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருந்தால் திரும்புங்கள், முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. நிலத்தில் கிடக்கும் எந்த இரும்பையும் தொடாதீர்கள். முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். யாராவது நிறுத்தி விசாரித்தால் குடும்பமாக வந்தோம், இன்னாரின் நினைவுக்கு வந்தோம் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், கதையை நீட்ட வேண்டாம். போய்வந்த படங்களை உடனே முகநூலில் போடாமல் இருப்பது நல்லது. கூட வந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள், நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். தரவை, தாண்டியடி, கஞ்சிகுடிச்சாறு போன்ற துயிலும் இல்லங்களுக்குப் போவதானாலும் இதே கவனம்.

தமிழ்நாட்டிலிருந்து இந்திய அமைதிப்படையில் இருந்தவரின் குடும்பமாக வருகிறீர்கள் என்றால், கோட்டேயில் அவர்களுக்கென்று நினைவுத் தூண் இருக்கிறது, தாராளமாகப் போங்கள். எங்கள் ஊர்களில் அந்த மூன்று வருடங்களைப் பற்றிய நினைவு வேறு மாதிரி. கேட்டால் சொல்வார்கள், சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: அங்கே போய் என்ன செய்வது

போர்க் கல்லறையில் தேங்காய் உடைப்பதும் கற்பூரம் கொளுத்துவதும் வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும். பூ வைக்கலாம். நவம்பர் 11ஐ ஒட்டிச் சிவப்புப் பொப்பி குத்துவது வழக்கம். 1930களில் அந்தக் காசு பிரித்தானியாவுக்குப் போகிறது என்று எதிர்த்து இளைஞர்கள் பூவரசம் பூ விற்றார்கள், ஆகவே பூவரசம் பூவோடு போனாலும் பொருத்தம்தான். கடலில் பூப் போடுவதென்றால் நாரில் கட்டிய பூவாக இருக்கட்டும், பிளாஸ்டிக் நூல் வேண்டாம்.

கல்லறையும் இல்லை, உடலும் வரவில்லை என்ற குடும்பங்களுக்கு நான் சொல்வது ஆடி அமாவாசை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் அன்று பிதிர்க்கடன் செய்யச் சனம் நிறையும். கடலும் அந்த நாட்களில் பெரும்பாலும் ஒத்துழைக்கும், விடுமுறைக்கு வந்தவர்களும் ஊரில் இருப்பார்கள். காலையில் தீர்த்தம், அடுத்த நாள் விடியப் படகு அல்லது திருகோணமலை என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் மனம் நிறைவு. கிறிஸ்தவர்கள் நவம்பர் 2, சகல ஆன்மாக்கள் திருநாளை வைத்துத் திட்டமிடலாம், ஆனால் அப்போது மழை தொடங்கிவிடும், கடல் பயணம் சரிவராது. முஸ்லிம் குடும்பங்கள் துஆ ஓதிவிட்டு வரலாம். போர்க் கல்லறைகளில் எல்லா மதத்தவரும் அடக்கம் செய்யப்பட்டிருப்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

திரும்பி வந்தபின்

அன்றிரவே பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். இடத்தைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு காலம் வராத பெயர்கள் வரும். கோப்பு, படம், சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு நாட்டில் இரண்டு பேரிடம் வையுங்கள், ஏன் என்று சுனாமி கண்ட ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிரதியை அவர் படித்த பள்ளிக்கூட நூலகத்துக்கும் கொடுங்கள். கல்லிலோ பதிவேட்டிலோ பெயர் பிழையாக இருந்தால் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு போன்ற ஆதாரம் இணைத்தால் ஆராய்ந்து பதில் போடுவார்கள். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று அந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.